பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார்: கெய்கோ ஹிகாஷினோவுக்கு இத்தனை புகழ் தகுமா?

(நம் குடியிருப்போர் சங்க வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு படிக்கவும். எந்தக் கதையின் முடிவும் இதில் சொல்லப்படவில்லை.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் தண்ணீர் லாரி வருகிற நேரத்தில், ஒரு ஜப்பானிய எழுத்தாளரைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்ததற்கு முதலில் நன்றி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நூலக அலமாரியில் இன்றைக்கு அதிகமாகக் கைமாறுகிற பெயர் கெய்கோ ஹிகாஷினோ. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், ஆண்தான். இவரைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி இருக்கிறது. "கடைசிப் பக்கம் வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியாது, எடுத்தா கீழே வைக்க மாட்டீங்க" என்பது ஒரு கட்சி. "நூறு பக்கம் படிச்சாச்சு. டீ குடிக்கிறாங்க, பேசறாங்க, மறுபடியும் டீ குடிக்கிறாங்க. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பது இன்னொரு கட்சி. புத்தகத்தின் அட்டையிலேயே "ஜப்பானின் ஸ்டீக் லார்சன்" என்று ஒரு விளம்பர வரி வேறு. லார்சனைப் படித்தவர்கள் ரத்தமும் சதியும் துரத்தலும் எதிர்பார்த்து வருகிறார்கள். வந்து பார்த்தால் மதியச் சாப்பாட்டுப் பெட்டி விற்கிற கடையில் ஒருவர் தினமும் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகிறார். கோபம் வராதா?

இத்தனை புகழ் இவருக்குத் தகுமா என்பதுதான் இன்றைய கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகும். ஆனால் நாம் எதற்காகப் புகழ்கிறோமோ, அதற்காக அல்ல. கடைசி ட்விஸ்டுக்காக இவரைக் கொண்டாடுகிறோம். அவருடைய உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பலத்துக்குள்ளேயே ஒரு பெரிய குறையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லப் போகிறேன்.

ஆள் யார்?

ஹிகாஷினோ 1958-இல் ஒசாகாவில் பிறந்தவர். கல்லூரியில் மின் பொறியியல் படித்துவிட்டு, கார் உதிரிபாகங்கள் செய்கிற ஒரு பெரிய நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். 1985-இல் எடோகவா ராம்போ விருது கிடைத்தது. அந்த விருதின் பெயருக்கே ஒரு கதை உண்டு. எட்கர் ஆலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டி, ஹிராய் தாரோ என்ற எழுத்தாளர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்தான் எடோகவா ராம்போ. விருது வாங்கிய அடுத்த வருடமே ஹிகாஷினோ வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குக் கிளம்பினார்.

பகலில் பொறியாளர், இரவில் எழுத்தாளர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு சுஜாதா ஞாபகம் வந்திருக்கும். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே கணேஷ் வசந்தை நமக்குத் தந்தவர். ஆனால் எழுத்தில் இருவருக்கும் தூரம் அதிகம். சுஜாதாவின் வாக்கியமே நம்மைக் கிச்சுகிச்சு மூட்டும். ஹிகாஷினோவின் வாக்கியம் சோற்றுக்கு வடித்த கஞ்சி மாதிரி, நிறமும் இல்லை, காரமும் இல்லை. அவருடைய ருசி கதையைக் கட்டுகிற விதத்தில் இருக்கிறது.

வேலையை விட்டதும் புகழ் கொட்டிவிடவில்லை. ஜப்பானில் நவோகி பரிசு என்பது வெகுஜன எழுத்துக்குக் கிடைக்கிற பெரிய கௌரவம். அதற்கு ஐந்து முறை பெயர் போய், ஐந்து முறையும் வெறும் கையோடு திரும்பினார். ஆறாவது முறை, 2006 ஜனவரியில், 'சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய நாவலுக்குக் கிடைத்தது. முதல் விருதுக்கும் இதற்கும் நடுவே இருபது வருடம். 2011-இல் அந்த நாவல் ஆங்கிலத்தில் வந்தது. மறு வருடமே அமெரிக்காவின் எட்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2023-இல் அவருடைய நூறாவது புத்தகம் வெளியானது. ஜப்பானில் மட்டும் அவருடைய புத்தகங்கள் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டன. நம் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நூறு என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் 10 கோடி, சின்ன எண் இல்லை.

பக்கத்து ஃபிளாட்டில் நடந்த கதை

அந்த நவோகி பரிசு நாவலைத்தான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். படிக்காதவர்களுக்குக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடுகிற விஷயம் என்பதால் உங்கள் சுவாரஸ்யம் கெடாது.

டோக்கியோவில் ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு வீட்டில் யாசுகோ என்ற பெண்ணும் பள்ளியில் படிக்கிற மகளும். யாசுகோ மதியச் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் வேலை செய்கிறாள். பக்கத்து வீட்டில் இஷிகாமி, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. எப்பேர்ப்பட்ட கணித மூளை, ஆனால் வாழ்க்கை அவரைப் பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டது. தினமும் யாசுகோவின் கடையில் சாப்பாடு வாங்குகிறார். மற்றபடி அவளுக்கு அவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு நாள் யாசுகோவின் முன்னாள் கணவன் பணம் பிடுங்க வீட்டுக்கு வருகிறான். சண்டை முற்றி, தாயும் மகளுமாக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். குளிருக்குக் கால் நீட்டி உட்காருகிற கணப்பு மேஜையின் மின் வயர்தான் ஆயுதம். செய்வதறியாமல் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. பக்கத்து வீட்டு வாத்தியார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

யார் கொலை செய்தது என்று கண்டுபிடிக்கிற வேலை நமக்கு இல்லை. பத்து பதினைந்து நிமிஷப் படிப்பில் அது தெரிந்துவிட்டது. போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறது, வாத்தியார் எப்படி மறைக்கப் போகிறார் என்பதுதான் கதை. போலீஸுக்குத் துணையாக வருகிற இயற்பியல் பேராசிரியர் யுகாவா, இஷிகாமியின் பழைய கல்லூரி நண்பர். அவருக்கு 'டிடெக்டிவ் கலிலியோ' என்று செல்லப் பெயர்.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு 'பாபநாசம்' ஞாபகம் வரும். மலையாளத்தில் 2013-இல் 'த்ருஷ்யம்' வந்தபோதே இந்த நாவலோடு ஒப்பிட்டுப் பேச்சு எழுந்தது. இயக்குநர் ஜீத்து ஜோசப், தன் கதை வேறு என்று மறுத்தார். அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் அழகாகத் தெரியும். கேபிள் டிவி நடத்துகிற சுயம்புலிங்கத்துக்குச் சினிமாதான் பாடசாலை. அவர் உருவாக்குகிற சாட்சியம் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இருக்கும். பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், பார்த்த படம், எல்லாம் முன்னால் வந்து நிற்கும். இஷிகாமியின் பாடசாலை கணக்கு. அவருடைய சாட்சியம் பின்வாங்கி நிற்கும். சினிமா டிக்கெட்டின் கிழித்த துண்டு ஒன்று உண்டு, ஆனால் கேட்ட உடனே கையில் எடுத்து நீட்டக் கூடாது. சாதாரண மனுஷி எங்கே போட்டிருப்பாளோ அங்கேதான் அது கிடைக்க வேண்டும். எதையும் அளவுக்கு மேல் நிரூபிக்காதே என்பது அவர் வகுத்த விதி.

இதே நாவல் ஜப்பானில் 2008-இலும், கொரியாவில் 2012-இலும், சீனாவில் 2017-இலும் படமானது. 2023-இல் கரீனா கபூர் நடிக்க, கலிம்போங் மலையூரில் நடப்பதாக 'ஜானே ஜான்' என்று இந்தியிலும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டோம், புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் இஷிகாமி உட்கார்ந்து யோசிக்கிற அமைதி, படத்தில் வராது.

ட்விஸ்ட் ஆட்டமா?

இந்த நாவலின் முடிவு பிரமாதமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஜப்பானிலேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே துப்பறியும் கதையில் 'ஹொன்காகு' என்று ஒரு மரபு உண்டு. 'அசல்', 'முறையான' என்று பொருள் கொள்ளலாம். எழுத்தாளர் எல்லாத் துப்பையும் வாசகர் முன்னால் வைத்துவிட வேண்டும், துப்பறிவாளருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிய வேண்டும், பிறகு அவரும் நாமும் சேர்ந்து ஓட வேண்டும் என்பது ஆட்ட விதி. இந்த நாவல் ஹொன்காகு என்று பாராட்டப்பட்டு அதற்கான பரிசையும் வாங்கியபோது, நிகைடோ ரெய்டோ என்ற இன்னொரு துப்பறியும் எழுத்தாளர் எதிர்ப்புத் தெரிவித்தார். முடிவை வாசகர் தர்க்கத்தால் எட்டுவதற்குப் போதுமான துப்பு கதையில் இல்லை, பேராசிரியர் ஊகித்ததைத்தான் நாம் உண்மையாக ஏற்றுக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். எழுத்தாளர்களும் விமர்சகர்களும் மாதக் கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

நிகைடோ கேட்டது நியாயமான கேள்விதான். ஆனாலும் என் ஓட்டு ஹிகாஷினோவுக்கே. காரணம், நாவலுக்கு உள்ளேயே அவர் நமக்கு ஒரு சாவியைக் கொடுத்துவிடுகிறார். இஷிகாமி பரீட்சைக்குக் கேள்வி தயாரிக்கிற முறையைப் பற்றி ஓரிடத்தில் சொல்வார். பார்த்தால் ஜியோமெட்ரி கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது வேறு வகைக் கணக்கு. மாணவன் மனசில் ஏற்கெனவே ஊறிப்போன எண்ணம்தான் அவனைத் தவறவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நாம் தலையாட்டிக்கொண்டே அடுத்த பக்கம் போய்விடுகிறோம். பரீட்சையே நமக்குத்தான் என்று தோன்றுவதில்லை. சாவியைக் கையில் கொடுத்து, கதவு எங்கே என்று மட்டும் சொல்லாமல் விடுகிற எழுத்தாளரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ட்விஸ்ட் என்பது ஒரு தடவைதான் வேலை செய்யும். ஒரு புத்தகம் அதை மட்டும் நம்பி நின்றால், படித்து முடித்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம். இவர் புத்தகங்களை மறுபடி எடுத்துப் படிக்கிறோம் என்றால் வேறு காரணம் இருக்க வேண்டும்.

'யார்' போய் 'ஏன்' வந்தது

அந்தக் காரணத்தை இரண்டு புத்தகங்கள் தெளிவாகக் காட்டும்.

முதலாவது, 'மாலிஸ்'. தமிழில் 'வன்மம்' என்று சொல்லலாம். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் கனடாவுக்குக் குடிபெயரக் கிளம்புகிற சமயத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்படுகிறார். விசாரிக்க வருபவர் காகா என்ற துப்பறிவாளர். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்து போலீஸுக்கு வந்தவர். கொலையாளி யார் என்பது புத்தகம் பாதியை எட்டுவதற்கு முன்பே தெரிந்து, ஆளும் பிடிபட்டாயிற்று. இனி என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். மிச்சப் புத்தகம் முழுக்க ஒரே கேள்வி: ஏன்? ஒரு காரணம் வருகிறது, நம்புகிறோம். அது உடைகிறது. இன்னொன்று வருகிறது, அதையும் நம்புகிறோம். கடைசியில் கிடைக்கிற காரணம் அவ்வளவு சின்னது, அவ்வளவு அற்பமானது, அதனாலேயே அவ்வளவு பயங்கரமானது. நம் எல்லோர் மனசிலும் ஏதோ ஒரு மூலையில் அதன் விதை கிடக்கும்.

இரண்டாவது, 'நியூகமர்'. புதிதாக வந்தவர். இதே காகா, டோக்கியோவின் பழைய கடைவீதியான நிஹோன்பாஷிப் பகுதிக்கு மாற்றலாகி வருகிறார். தனியாக வசித்த ஒரு பெண் தன் ஃபிளாட்டில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள். காகா கடை கடையாகப் போகிறார். அரிசி வடை மாதிரி மொறுமொறுவென்று ஒரு பண்டம் விற்கிற கடை, உணவகம், பாத்திரக் கடை, கடிகாரக் கடை, கேக் கடை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கடை, ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்குள் ஒரு சின்ன ரகசியம். மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் ஒரு சமையலறைக் கத்தரிக்கோல் எதற்கு வாங்கப்பட்டது என்பது ஒரு அத்தியாயத்தின் மர்மம். விடை தெரியும்போது கண் கலங்கும். கொலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். அதற்காக காகா அதை விட்டுவிடுவதில்லை. கொலையாளியைப் பிடிப்பதோடு, கொலையால் காயப்பட்டவர்களுக்கு ஆறுதல் தருவதும் தன் வேலை என்று நினைக்கிற ஆள்.

அவர் துப்பறிகிற முறையைக் கவனியுங்கள். பூதக்கண்ணாடி இல்லை, லேப் இல்லை. வெயில் காலத்தில் தெருவில் போகிற ஆபீஸ்காரர்களில் யார் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார், யார் போட்டுக்கொண்டே போகிறார் என்று பார்க்கிறார். அதிலிருந்து அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசிக்கிறார். நம் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். யார் வீட்டுக்கு எந்த நேரத்தில் பால் வரும், யார் வீட்டில் உறவுக்காரர் தங்கியிருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வார். கவனிக்கிறவருக்கு எல்லா வீடும் கதைதான்.

இதைத்தான் ஹிகாஷினோவின் பலம் என்கிறேன். பெரிய சதி, சர்வதேச கும்பல், உலகத்தைக் காப்பாற்றுவது எதுவும் இவரிடம் இல்லை. பக்கத்து வீட்டில், கீழ்த் தளத்தில், தெருமுனைக் கடையில் இருக்கிற மனிதர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்ற கேள்வியை விடாமல் கேட்கிறார். டீ குடித்துப் பேசுகிற அந்த நூறு பக்கம் சும்மா இல்லை. மனிதர்கள் மறைப்பது டீ குடிக்கும்போதுதான்.

எங்கே சறுக்குகிறார்

இனி மறுபக்கம். நூறு புத்தகமும் தங்கம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கலிலியோ வரிசையிலேயே 'சால்வேஷன் ஆஃப் எ செயிண்ட்' என்று ஒன்று. காபியில் விஷம். கணவன் டோக்கியோவில் சாகிறான், மனைவி அப்போது வெகு தூரத்தில், வடக்கே ஹொக்கைடோவில். எப்படி முடியும்? தந்திரம் அபாரம். ஆனால் அந்தத் தந்திரத்தை நம்ப, மனிதர்கள் அனைவரும் கடிகார முள் மாதிரி நடந்துகொண்டார்கள் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணக்கு சரியாக வந்தது, ஆனால் அதில் மனுஷ வாசனை போய்விட்டது.

பெண்கள் விஷயத்திலும் அவர் கை கொஞ்சம் இறுக்கம். அழகான பெண், அவளைச் சுற்றி ஆண்களின் மூளை வேலை செய்யும், அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது கடைசி வரைக்கும் தெரியாது. இஷிகாமியின் கதையைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு சகோதரி கேட்டது சரியான கேள்வி: "தினமும் கடைக்கு வந்து பார்ப்பது, சுவர் வழியாகக் கேட்பது, அவள் யாரோடு பேச வேண்டும் என்று தீர்மானிப்பது, இதை ஆண் எழுதினால் அர்ப்பணிப்பு. அந்தப் பெண்ணைக் கேட்டால் என்ன பெயர் சொல்வாள்?" நாவல் இந்தக் கேள்வியை அடியோடு தவிர்க்கவில்லை. யாசுகோ மூச்சுத் திணறுகிற இடங்கள் உண்டு. ஆனால் எழுத்தாளரின் இரக்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

'ஜர்னி அண்டர் த மிட்நைட் சன்' என்ற நீண்ட நாவலில் இதே குறையைப் பலமாக மாற்றிக்காட்டியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1973-இல் ஒசாகாவில் ஒரு அடகுக்கடைக்காரர் கொலை. அதில் தொடங்கி சுமார் இருபது வருடம், ஒரு பையனும் ஒரு பெண்ணும் வளர்வதைப் பின்தொடர்கிறோம். அந்த இருவரின் மனசுக்குள் ஒரு முறைகூட எழுத்தாளர் நம்மை அழைத்துப் போவதில்லை. சுற்றியிருப்பவர்கள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அதனாலேயே பயம் கூடுகிறது. ஆனால் இதில் குழந்தைகள் மீதும் பெண்கள் மீதும் நடக்கும் கொடுமைகள் வருகின்றன. வீட்டில் பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி வைக்காதீர்கள்.

யாரும் அழாத ஒருவர்

நான் முதலில் சொன்ன பெரிய குறைக்கு இப்போது வருகிறேன். முடிவைச் சொல்லாமல் இதைச் சொல்வது கஷ்டம், முயற்சி செய்கிறேன்.

இஷிகாமியின் கதையை முடிக்கும்போது நம் தொண்டை அடைக்கும். யாருக்காக அடைக்கிறது என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வோம். புத்தகத்தை மூடி ஒரு நாள் ஆனபின், உங்களை நீங்களே இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தக் கதையில் யாருக்காக ஒருவருமே அழவில்லை?

விடை கிடைக்கும்போது உங்கள் கண்ணீர் கொஞ்சம் கூச்சப்படும். எழுத்தாளர் நம்மை எவ்வளவு நேர்த்தியாக ஒரு பக்கம் திருப்பி நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரியும். கணக்கில் ஒரு எண்ணை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றுவதுபோல் ஒரு மனிதர் இங்கே கையாளப்படுகிறார். இஷிகாமி அப்படிச் செய்தால் அது அவருடைய குற்றம். எழுத்தாளரும் அந்த மனிதருக்காக ஒரு பக்கம்கூட நிற்காமல் கடந்துபோனால், அது புத்தகத்தின் குறை. கத்தரிக்கோல் வாங்கிய மருமகளுக்காக ஒரு அத்தியாயம் ஒதுக்கிய அதே கைதான் இதையும் எழுதியது என்பதால் குறை இன்னும் உறுத்துகிறது.

அவர் வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கலாம், வாசகர் தானாகக் கண்டுபிடித்துத் திடுக்கிடட்டும் என்று நினைத்திருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வாசகர்கள் திடுக்கிடாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். "என்ன காதல், என்ன தியாகம்!" என்ற பாராட்டுதான் எங்கும் கேட்கிறது. இந்தப் புகழ்ச்சி புத்தகத்துக்கே நியாயம் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அடுக்குமாடியில் குடியிருக்கிற நமக்கு இந்தக் கேள்வி வெறும் கதை விஷயம் இல்லை. யாசுகோவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே சரியாக மனசில் நிற்காத நிலையில்தான் கதை ஆரம்பிக்கிறது. தனியாக வாழ்கிற ஒரு மனிதருக்கு, புதிதாகக் குடிவந்தவர் அடிக்கிற ஒரு அழைப்பு மணி எவ்வளவு பெரியது என்பது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. நம் பிளாக்குகளிலும் தனியாக இருப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்கள் உண்டு. தினமும் குப்பை எடுக்க வருகிற அம்மா, தொட்டி கழுவ வருகிற பையன் இவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஒருவர் நாளைக்கு வராவிட்டால், யார் வரவில்லை என்று சொல்ல நமக்கு ஒரு பெயர் வேண்டாமா? ஒரு கொலைக் கதை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்றால், அது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

எதைப் படிக்கலாம், எந்த வரிசையில்?

தீர்ப்பைச் சுருக்கிச் சொல்கிறேன். இவர் ஸ்டீக் லார்சன் இல்லை. அட்டை வரியை நம்பி எடுத்தால் ஏமாற்றம்தான். ட்விஸ்ட் மன்னர் என்ற பட்டமும் பாதிதான் பொருந்தும். சாதாரண மனிதர்களின் மறைவான காரணங்களைத் தேடுகிறவர் என்று எடுத்தால், குறைந்தது நான்கு புத்தகங்கள் பேச்சுக்கு ஏற்றவை.

கொலையே பிடிக்காது என்பவர்கள் 'மிராக்கிள்ஸ் ஆஃப் த நமியா ஜெனரல் ஸ்டோர்' எடுங்கள். பாழடைந்த மளிகைக் கடை ஒன்றில் ஒளிந்துகொள்கிற மூன்று சில்லறைத் திருடர்களுக்குப் பழைய காலத்திலிருந்து கடிதங்கள் வருகின்றன. நெஞ்சு நிறைகிற கதை, பள்ளிப் பிள்ளைகளும் படிக்கலாம்.

முதல் முறை படிப்பவர்களுக்கு என் சிபாரிசு 'நியூகமர்'. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், ஒன்பது நாளில் முடிந்துவிடும். அதன்பின் 'மாலிஸ்'. இஷிகாமியின் கதையை மூன்றாவதாக வையுங்கள். காகாவின் கடைவீதியில் நடந்துவிட்டு வந்தபிறகு படித்தால், அந்தக் கதையில் எழுத்தாளர் யாரை மறந்தார் என்பது உங்கள் கண்ணில் தானாகப் படும். தெம்பு இருந்தால் நாலாவதாக 'மிட்நைட் சன்'.

ஒரு வேண்டுகோள். நம் வாட்ஸ்அப் குழுவில் முடிவைப் போட்டுவிடாதீர்கள். லிஃப்டில் நின்று சத்தமாகவும் பேசாதீர்கள். அடுத்த தளத்தில் ஏறுகிறவர் பாதிப் புத்தகத்தில் இருப்பார். நான் கேட்ட கேள்விக்கு உங்கள் விடை கிடைத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். படித்து முடித்தவர்களுக்கென்று கடைசி அரை மணி நேரம் ஒதுக்குகிறோம். அப்போது கதவைச் சாத்திவிட்டு முடிவைப் பற்றித் தாராளமாகச் சண்டை போடலாம்.